அசாதாரணத் திறமை கிரீன் கார்டு: பத்தில் மூன்று இருந்தால் போதுமா?

கேள்வி: "அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் நாலாவது ஆண்டாக போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு) செய்கிறேன். பேட்டரிகளுக்கான திட மின்பகுளிதான் துறை. 21 கட்டுரைகள், சுமார் 1,100 மேற்கோள்கள், 45 பியர் ரிவ்யூ (இதழ்களுக்காகப் பிறர் கட்டுரையை மதிப்பிடுவது), ஒரு மாநாட்டில் சிறந்த போஸ்டர் பரிசு, தமிழ் நாளிதழில் என்னைப் பற்றி ஒரு செய்தி. பத்துத் தகுதிகளில் மூன்று இருந்தால் இபி-1ஏ என்ற அசாதாரணத் திறமைப் பிரிவில் கிரீன் கார்டு கிடைத்துவிடும் என்கிறார்கள். கம்பெனி, வக்கீல் இல்லாமல் நானே விண்ணப்பிக்கலாமா? நான் திருநெல்வேலியில் பிறந்தவன். மனைவி யாழ்ப்பாணம்."

கடைசி வார்த்தையைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். உங்கள் கட்டுரை எண்ணிக்கையைவிட அதற்கு எடை அதிகம். அதைப் பிறகு சொல்கிறேன், முதலில் கேட்டதற்குப் பதில்.

நீங்களே விண்ணப்பிக்கலாம். 1990-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் உண்டாக்கிய இந்தப் பிரிவுக்கு வேலை கொடுப்பவர் வேண்டாம், பெர்ம் எனப்படும் லேபர் சர்ட்டிஃபிகேஷனும் (அந்த வேலைக்குத் தகுந்த அமெரிக்கர் கிடைக்கவில்லை என்ற அரசுச் சான்று) வேண்டாம். ஐ-140 என்ற மனுப் படிவத்தில் மனுதாரரும் நீங்கள்தான், பயனாளியும் நீங்கள்தான். வக்கீல் வைப்பது உங்கள் விருப்பம். ஆனால் எந்த வக்கீலாலும் உங்கள் துறையில் உங்கள் வேலை என்ன மாற்றியது என்று உங்களைவிட நன்றாகச் சொல்ல முடியாது. வக்கீல் வைத்தாலும் அந்தப் பகுதியின் முதல் வரைவை நீங்கள்தான் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

"மூன்று இருந்தால் கிடைத்துவிடும்" என்பது பாதி உண்மை. நோபல் போன்ற ஒற்றைப் பெரும்பரிசு இல்லாதவர்கள் பத்து வகைச் சான்றுகளில் குறைந்தது மூன்றைக் காட்ட வேண்டும் என்றுதான் விதி சொல்கிறது. விருது, தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் சங்கங்களில் உறுப்பினர் தகுதி, உங்களைப் பற்றிப் பிறர் எழுதியது, பிறர் வேலையை மதிப்பிட்டது, பெரும் முக்கியத்துவம் கொண்ட அசல் பங்களிப்பு, ஆய்வுக் கட்டுரைகள், பெயர்பெற்ற அமைப்பில் முக்கியப் பொறுப்பு, உயர்ந்த சம்பளம் ஆகிய எட்டும்தான் விஞ்ஞானிக்குப் பொருந்தக்கூடியவை. மற்ற இரண்டும் கலைக் கண்காட்சி, மேடைக் கலைகளின் வசூல் பற்றியவை.

மூன்று தேறிய பிறகுதான் இரண்டாவது கட்டம் தொடங்குகிறது. 2010-இல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் கசாரியன் என்ற கோட்பாட்டு இயற்பியலாளரின் வழக்கில் சொன்னதை வைத்து, இந்த மனுக்களை முடிவுசெய்யும் அமெரிக்கக் குடியேற்றத் துறையான யுஎஸ்சிஐஎஸ் அமைத்துக்கொண்ட நடைமுறை இது. முதல் கட்டத்தில் சான்று அந்த வகைக்குள் வருகிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். இரண்டாவது கட்டத்தில் எல்லாவற்றையும் சேர்த்து வைத்து, துறையின் உச்சிக்கு வந்த சிறு சதவீதத்தினரில் இவர் ஒருவரா, தேசிய அல்லது சர்வதேச அளவில் நீடித்த மதிப்பு இவருக்கு இருக்கிறதா என்று எடை போடுவார்கள். வேடிக்கை என்னவென்றால், கசாரியன் அந்த வழக்கில் ஜெயிக்கவில்லை. பிறர் வேலையை மதிப்பிட்டது, கட்டுரைகள் என இரண்டு வகை தேறின, மூன்றாவது தேறவில்லை. அவருக்குக் கடிதம் எழுதியவர்களில் கால்டெக்கின் கிப் தார்னும் ஒருவர். 2017-இல் நோபல் வாங்கிய அதே தார்ன். கடிதம் எழுதியவர் எவ்வளவு பெரியவர் என்பதல்ல, கடிதத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் கணக்கு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இனி உங்கள் கையில் இருப்பதைப் பார்ப்போம்.

ஆய்வுக் கட்டுரைகள்: தேறிவிட்டது. ஒவ்வொன்றின் முதல் பக்கம் போதும். 21 கட்டுரையையும் முழுதாக அச்சடித்து 300 பக்கம் சேர்ப்பவர்கள் அதிகாரியின் நேரத்தைத்தான் வீணடிக்கிறார்கள்.

பியர் ரிவ்யூ: இதுவும் தேறும், ஆனால் அழைப்பு வந்ததற்கான மின்னஞ்சல் சான்றாகாது. மதிப்பீட்டை முடித்துக் கொடுத்தீர்கள் என்பதைக் காட்ட வேண்டும். ஆசிரியர் குழு அனுப்பிய நன்றி மின்னஞ்சல், இதழின் இணையக் கணக்கில் "முடிந்தது" என்று காட்டும் பக்கம், வெப் ஆஃப் சயன்ஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தின் கணக்கில் உறுதிசெய்யப்பட்ட பட்டியல், இவற்றை இதழ் பெயர், எண்ணிக்கை, ஆண்டு என்று ஒரு அட்டவணையின் பின்னால் வையுங்கள். பேராசிரியர் தனக்கு வந்த ரிவ்யூவை உங்களிடம் தள்ளிவிட்டு அவர் பெயரில் அனுப்பியிருந்தால் அது உங்கள் கணக்கில் வராது. இந்தப் பழக்கம் எத்தனை ஆய்வகங்களில் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். இன்னொன்று, 45 ரிவ்யூ முதல் கட்டத்தைத் தாண்டவைக்கும், இரண்டாவது கட்டத்தில் அதற்கு எடை குறைவு. துறையில் இருக்கும் யாரும் ரிவ்யூ செய்வார்கள். இதழின் ஆசிரியர் குழுவில் இடம், மாநாட்டின் நிகழ்ச்சிக் குழு, நிதி ஒதுக்கும் அமைப்பின் மதிப்பீட்டுக் குழு இவைதான் அங்கே பேசும்.

போஸ்டர் பரிசு: மாநாடுகளில் தரும் பரிசுகளையும், முனைவர் பட்ட ஆய்வுக்கான சில விருதுகளையும் ஏற்கலாம் என்று யுஎஸ்சிஐஎஸ்-இன் கொள்கைக் கையேடே சொல்கிறது. இளம் ஆய்வாளர்களுக்கு மட்டுமான பரிசு என்பதாலேயே தள்ளிவிட மாட்டார்கள். ஆனால் எத்தனை போஸ்டர்கள் போட்டியிட்டன, யார் தேர்ந்தெடுத்தார்கள், எந்த அடிப்படையில், முந்தைய ஆண்டுகளில் வென்றவர்கள் யார் என்று மாநாட்டு அமைப்பாளரிடம் கடிதம் வாங்க வேண்டும். வெறும் சான்றிதழை வைத்தால் அது சுவரில் மாட்டத்தான் ஆகும். பயணப்படி, கல்வி உதவித்தொகை, ஆய்வு நிதி இவற்றை விருது என்று எழுதாதீர்கள். இனிமேல் செய்யப்போகும் வேலைக்குக் கொடுக்கும் பணம் வேறு, செய்து முடித்ததற்கான பரிசு வேறு.

நாளிதழ்ச் செய்தி: இங்கேதான் தமிழர்கள் பலர் இடறுவார்கள். தலைப்பு, தேதி, எழுதியவர் பெயர் மூன்றையும் விதி கேட்கிறது. நம் நாளிதழ்களில் மாவட்டச் செய்திக்குப் பெரும்பாலும் எழுதியவர் பெயரே இருக்காது. "நமது நிருபர்" என்று இருக்கும், அல்லது அதுவும் இருக்காது. செய்தி உங்களையும் உங்கள் ஆய்வையும் பற்றியதாக இருக்க வேண்டும். "அமெரிக்காவில் சாதிக்கும் நெல்லை இளைஞர்" என்று குடும்பத்தின் படத்தோடு வந்த பாராட்டுக்கு மதிப்பு குறைவு. பத்திரிகையின் விற்பனை எண்ணிக்கைக்கு ஆதாரம் வேண்டும். பிறகு முழு ஆங்கில மொழிபெயர்ப்பு. மொழிபெயர்த்தவர் தனக்கு இரண்டு மொழியும் தெரியும், மொழிபெயர்ப்பு முழுமையானது, துல்லியமானது என்று கையெழுத்திட வேண்டும். அதை நீங்களே செய்யாதீர்கள், வேறு யாரையாவது செய்யச் சொல்லுங்கள். எழுதியவர் பெயர் இல்லையென்றால் இந்த வகையையே விட்டுவிடுவது நல்லது. நொண்டிச் சான்று ஒன்றைச் சேர்த்தால் அதிகாரி அதை உடைப்பதில் ஒரு பக்கம் எழுதுவார், அந்த ஒரு பக்கத்தின் நிழல் நல்ல சான்றுகள் மேலும் விழும்.

இதே காரணத்துக்காகத்தான் சந்தா கட்டிச் சேரும் சங்க உறுப்பினர் அட்டைகளையும் தவிர்க்கச் சொல்கிறேன். ஐஇஇஇ என்ற பொறியாளர் சங்கத்தின் ஃபெல்லோ போன்ற, நிபுணர்கள் தேர்ந்தெடுத்துத் தரும் தகுதியைத்தான் கையேடு உதாரணம் காட்டுகிறது. காசு வாங்கிக்கொண்டு "சர்வதேச விருது" தரும் கூட்டம், மேற்கோள் விற்கும் கூட்டம் இரண்டும் இன்று தாராளமாக விளம்பரம் செய்கின்றன. கிட்டவே போகாதீர்கள். மறுப்போடு அது முடியாது. பொய்ச் சான்று கொடுத்ததாகப் பதிவானால் பின்னால் வரும் எந்த விசாவுக்கும் அது தொடர்ந்து வரும்.

போஸ்ட்டாக் சம்பளம் உயர்ந்த சம்பளம் ஆகாது, சொல்லத் தேவையில்லை. முக்கியப் பொறுப்பு என்ற வகையும் போஸ்ட்டாக்குக்குப் பொதுவாகக் கடினம். போட்டியில் வென்ற அரசு ஆய்வு நிதி ஒன்றில் உங்கள் பெயர் ஆய்வாளராகக் குறிப்பிடப்பட்டிருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

ஆக, உங்களிடம் உறுதியாக இருப்பது இரண்டு. மூன்றாவது அசல் பங்களிப்பு. முழு மனுவும் அதன் தோளில்தான் நிற்கப் போகிறது, முதல் கட்டத்திலும் சரி, இரண்டாவது கட்டத்திலும் சரி.

அசல் என்பதை நிரூபிப்பது சுலபம், கட்டுரை வெளியானாலே அசல்தான். "பெரும் முக்கியத்துவம்" என்ற இரண்டு வார்த்தையில்தான் மனுக்கள் சரிகின்றன. 21 கட்டுரையையும் பங்களிப்பு என்று வரிசைப்படுத்தாதீர்கள். இரண்டு, அதிகபட்சம் மூன்று பங்களிப்புகளைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும்: உங்களுக்கு முன் என்ன சிக்கல், நீங்கள் என்ன செய்தீர்கள், அதற்குப் பிறகு உங்களுக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் எதை மாற்றிக்கொண்டார். மூன்றாவதுதான் உயிர். உதாரணமாக, சல்ஃபைடு மின்பகுளியில் ஈரம் பட்டால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வெளியேறும் என்பது உங்கள் துறையின் பழைய தலைவலி. அதைக் குறைக்கும் பூச்சு முறை ஒன்றை நீங்கள் கண்டுபிடித்திருந்தால், "இந்தக் கட்டுரைக்கு 180 மேற்கோள்கள்" என்பது ஆரம்பம் மட்டுமே. வேறு நாட்டு ஆய்வகம் தன் செய்முறைப் பகுதியில் உங்கள் பூச்சைப் பயன்படுத்தியதாக எழுதியிருக்கிறதா? நிறுவனம் ஒன்றின் காப்புரிமை விண்ணப்பம் உங்கள் கட்டுரையைச் சுட்டுகிறதா? மறுஆய்வுக் கட்டுரை ஒன்று உங்கள் முறைக்கு ஒரு பத்தியே ஒதுக்கியிருக்கிறதா? இந்தப் பக்கங்களைத்தான் தேட வேண்டும்.

அதற்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். கூகுள் ஸ்காலரில் உங்கள் முதல் ஐந்து கட்டுரைகளைச் சுட்டும் ஒவ்வொரு கட்டுரையையும் திறந்து, உங்கள் பெயர் அல்லது எண் வரும் வாக்கியத்தைப் பாருங்கள். "இதுபற்றி ஆய்வுகள் நடந்துள்ளன" என்று சொல்லிவிட்டு ஏழு கட்டுரைகளோடு உங்களுடையதையும் அடைப்பில் போட்டிருந்தால் அதைத் தள்ளுங்கள். உங்கள் முறையை எடுத்தாண்ட, உங்கள் முடிவைத் தன் மாதிரியோடு ஒப்பிட்ட, உங்கள் தரவின் மேல் கட்டிய கட்டுரைகளாக ஒவ்வொரு பங்களிப்புக்கும் ஆறேழு சேர்ந்தால் நல்லது. முதல் பக்கமும், அந்த வாக்கியம் இருக்கும் பக்கமும் போதும். வாக்கியத்தைச் சுற்றிக் கறுப்பு மையில் கட்டம் போடுங்கள். மஞ்சள் வண்ணம் பூசினால் ஸ்கேன் ஆகும்போது காணாமல் போகலாம் அல்லது கறுப்பாகி எழுத்தை மறைக்கலாம்.

எண்ணிக்கை பற்றி. இத்தனை மேற்கோள் இருந்தால் போதும் என்று எந்த விதியிலும் இல்லை. கணிதத்தில் 200 பெரிய விஷயம், பொருளறிவியலில் 1,100 என்பது கேட்டவுடன் மலைக்கும் எண் அல்ல. அதனால் மொத்தத்தைத் தனியாகப் பேசவிடாமல் ஒப்பீட்டோடு காட்ட வேண்டும். கிளாரிவேட்டின் எசென்ஷியல் சயன்ஸ் இண்டிகேட்டர்ஸ் துறைகளை 22-ஆகப் பிரித்து, வெளியான ஆண்டுவாரியாக முதல் 1 சதவீதம், 10 சதவீதம் என்று வருவதற்கு எத்தனை மேற்கோள் வேண்டும் என்ற அட்டவணை தருகிறது. பல்கலைக்கழக நூலகத்திலேயே பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை: அந்த அட்டவணை வெப் ஆஃப் சயன்ஸ் எண்ணிக்கையின் மேல் கட்டியது. கூகுள் ஸ்காலர் எண் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். அதை எடுத்து இதோடு ஒப்பிட்டால் அளவுகோல் தவறு. சொந்த மேற்கோள்களைக் கழித்துக் காட்டுங்கள், கேட்பதற்கு முன்பே. 1,100-இல் 600, இருபது பேர் சேர்ந்து எழுதிய ஒரே மறுஆய்வுக் கட்டுரையால் வந்ததென்றால் அதிகாரி அதைக் கண்டுபிடிப்பார். அந்தக் கட்டுரையில் உங்கள் பங்கு என்ன என்பதைப் பேராசிரியரின் கடிதம் சொல்லட்டும், அல்லது அதை ஓரமாக வைத்துவிட்டு நீங்கள் முதல் ஆசிரியராக இருக்கும் கட்டுரைகளில் நில்லுங்கள்.

பரிந்துரைக் கடிதங்கள் ஐந்து முதல் ஏழு வரை போதும். அவற்றில் பாதிக்கு மேல் உங்களோடு சேர்ந்து எழுதாத, உங்களுக்குக் கற்பிக்காத, ஒரே இடத்தில் வேலை செய்யாத ஆட்களிடமிருந்து வரட்டும். யாரிடம் கேட்பது என்று திகைக்க வேண்டாம். மேலே சொன்ன ஒரு வாரத் தேடலில் கிடைத்த பெயர்கள்தான் உங்கள் பட்டியல். "இவர் அபாரமான விஞ்ஞானி, துறையின் உச்சியில் இருப்பவர்" என்ற வரி காகிதச் செலவு. "இவருடைய 2022 கட்டுரையின் பூச்சு முறையை எங்கள் ஆய்வகம் எடுத்துக்கொண்டது. அதற்கு முன் இன்ன சிக்கல் இருந்தது, இப்போது இல்லை. இவரை நேரில் சந்தித்ததில்லை, கட்டுரை வழியாகவே தெரியும்" என்ற மூன்று வரிக்கு முழுக் கடிதத்தின் பலம் உண்டு. வரைவை நீங்கள் எழுதிக் கொடுப்பது நடைமுறைதான். ஆனால் ஏழு கடிதமும் ஒரே ஆள் எழுதியதாக ஒலித்தால், ஒரே சொற்றொடர் நாலில் வந்தால், எல்லாவற்றின் நம்பகமும் போய்விடும். சாட்ஜிபிடி வந்த பிறகு இந்த ஒற்றைக் குரல் இன்னும் அதிகம். கடிதம் எழுதுபவரின் சுருக்கமான தன்விவரத்தையும் இணையுங்கள். கடிதம் சொல்வதற்கெல்லாம் ஆவணத்தில் துணை இருக்க வேண்டும், கடிதம் மட்டும் தனியாக எதையும் தூக்கி நிறுத்தாது.

இவை தவிர, பலர் மறந்துபோகும் ஒரு காகிதம் உண்டு: அமெரிக்காவில் இதே துறையில் தொடர்ந்து வேலை செய்யப் போகிறீர்கள் என்பதற்கான சான்று. வேலை கொடுப்பவர் தேவையில்லை என்பதால் இதுவும் தேவையில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். இப்போதைய பல்கலைக்கழகத்தின் கடிதமோ, நீங்கள் கையெழுத்திட்ட இரண்டு பக்க ஆய்வுத் திட்டமோ போதும், ஆனால் இருந்தே ஆக வேண்டும்.

இப்போது யாழ்ப்பாணத்துக்கு வருவோம். வேலைவாய்ப்பு அடிப்படையிலான கிரீன் கார்டு ஆண்டுக்குச் சுமார் 1,40,000. அதில் இபி-1 பிரிவுக்கு 28.6 சதவீதம். பொதுவாக எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. நாடு என்றால் குடியுரிமை இல்லை, பிறந்த இடம். இந்தியாவில் பிறந்தவர்களுக்கு இபி-1 வரிசையின் தேதி (அதற்கு முன் மனு போட்டவர்களுக்கே கார்டு) 2025-இல் பெரும்பகுதி 2022 பிப்ரவரியிலேயே நின்றது. 2023 ஆகஸ்டில் அது ஒரே தாவலாக 2012 ஜனவரி வரை பின்வாங்கியதும் உண்டு. அதாவது மனு ஒப்புதலான பிறகும் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பு. இலங்கையில் பிறந்தவர்களுக்கு, 2023 ஆகஸ்ட், செப்டம்பர் போன்ற விதிவிலக்குகள் தவிர, பெரும்பாலும் வரிசையே இருந்ததில்லை.

கணவனும் மனைவியும் சேர்ந்து குடியேறும்போது, ஒருவர் மற்றவரின் பிறந்த நாட்டுக் கணக்கில் போகலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. நீங்கள் திருநெல்வேலியில் பிறந்தவராகவே இருந்து, இலங்கை வரிசையில் நிற்கலாம். நிபந்தனை, இருவருக்கும் கிரீன் கார்டு ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். மனைவி ஏற்கெனவே கிரீன் கார்டோ அமெரிக்கக் குடியுரிமையோ வைத்திருந்தால் இது கிடைக்காது. அவர் பின்னால் வருவார் என்றாலும் கிடைக்காது. குழந்தை பிறந்த நாட்டைப் பெற்றோர் எடுத்துக்கொள்ள முடியாது, பெற்றோர் பிறந்த நாட்டைக் குழந்தை எடுத்துக்கொள்ள முடியும். அமெரிக்காவில் இருந்தபடியே கிரீன் கார்டு கேட்கும் ஐ-485 விண்ணப்பங்கள் இரண்டையும் ஒரே உறையில் வைத்து, மேலே ஒரு பக்கத்தில் "மனைவி பிறந்த நாடான இலங்கையின் கணக்கில் எடுத்துக்கொள்ளவும்" என்று பெரிய எழுத்தில் எழுதி, அவருடைய பிறப்புச் சான்றும் திருமணச் சான்றும் அதன் பின்னால் வையுங்கள். எழுதாமல் விட்டால் உங்கள் பிறந்த ஊரைப் பார்த்து இந்திய வரிசையில் போட்டுவிட வாய்ப்பு அதிகம்.

இதனால் உங்களுக்கு இன்னொரு கதவும் திறக்கிறது. இந்தியாவில் பிறந்தவர்களுக்கு என்ஐடபிள்யூ எனப்படும் தேசிய நலன் விலக்கு இபி-2 பிரிவில் வருவதால் பயன் குறைவு. அங்கே தேதி 2025-இல் 2012, 2013-ஐ ஒட்டியே நகர்ந்தது. இலங்கைக் கணக்கில் அந்த வரிசை எவ்வளவோ சிறியது. 2016-இல் வந்த தனசார் தீர்ப்பின்படி அதில் நீங்கள் துறையின் உச்சியில் இருக்க வேண்டியதில்லை. முயற்சி முக்கியமானதா, அதைக் கொண்டுசெல்ல நீங்கள் தகுதியானவரா, வேலை வாய்ப்பு நிபந்தனையை விலக்குவதில் நாட்டுக்கு நன்மையா என்றுதான் பார்ப்பார்கள். பேட்டரி ஆய்வுக்கு இது நன்றாகப் பொருந்தும். என்னைக் கேட்டால், என்ஐடபிள்யூவை முதலில் போடுங்கள். அசல் பங்களிப்புக்கான பக்கங்கள் கைக்கு வந்ததும் இபி-1ஏ போடுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு ஐ-140 இருப்பதில் தவறில்லை, முதல் மனு ஒப்புதலானால் அதன் பிரயாரிட்டி டேட்டை, அதாவது வரிசையில் உங்கள் இடத்தைக் காட்டும் தேதியை, இரண்டாவதுக்கு எடுத்துச் செல்லவும் முடியும்.

ஆனால் ஜே-1 முடிச்சை அவிழ்க்காமல் இவை எதுவும் கடைசி வரை போகாது. இரண்டு ஆண்டு சொந்த நாடு திரும்பும் நிபந்தனை உங்களுக்கு இருந்தால் ஐ-140 ஒப்புதலாகும், ஐ-485 போட முடியாது, எச்-1பி என்ற வேலை விசாவுக்கும் மாற முடியாது. உங்களைச் சார்ந்து ஜே-2 விசாவில் இருக்கும் மனைவிக்கும் அதே கதிதான். விசா ஸ்டாம்பில் "பொருந்தும்" என்று எழுதியிருப்பதை அப்படியே நம்பி உட்கார வேண்டாம். அது கடைசி வார்த்தை அல்ல. 2024 டிசம்பர் 9 அன்று வெளியான புதிய திறன் பட்டியலில் (எந்த நாட்டவருக்கு எந்தத் துறைக்காக இந்த நிபந்தனை என்று சொல்லும் பட்டியல்) இந்தியா இல்லை, அந்த நீக்கம் முன்பே வந்தவர்களுக்கும் பொருந்தும். ஆகவே திறன் பட்டியல் ஒன்று மட்டுமே உங்கள் காரணமாக இருந்திருந்தால் முடிச்சு தானாகவே அவிழ்ந்திருக்கும். ஃபுல்பிரைட் போன்றவை அல்லது இந்திய அரசின் வெளிநாட்டு ஆய்வு உதவித்தொகை, இப்படி அரசுப் பணத்தில் வந்திருந்தால் நிபந்தனை தொடரும். ஜே-1க்காகப் பல்கலைக்கழகம் தந்த டிஎஸ்-2019 சான்றுகள் எல்லாவற்றிலும் நிதி பற்றிய பகுதியைப் பாருங்கள். சந்தேகமென்றால் வெளியுறவுத் துறையிடம் கருத்துக் கேட்கும் வழி இருக்கிறது. விலக்கு தேவைப்பட்டால் டிஎஸ்-3035 படிவம், 120 டாலர் கட்டணம், பிறகு இந்தியத் தூதரகம் வழியாக ஆட்சேபனை இல்லைக் கடிதம்.

வரிசை முக்கியம். வெளியுறவுத் துறை விலக்குக்குப் பரிந்துரை செய்துவிட்டால் அதற்குப் பிறகு ஜே-1ஐ நீட்டிக்க முடியாது. அதனால் ஐந்தாம் ஆண்டுக்கான டிஎஸ்-2019 நீட்டிப்பை முதலில் வாங்கிக்கொண்டு விலக்குக்கு எழுதுங்கள். அதேபோல, ஊருக்குப் போய் விசா ஸ்டாம்பிங் செய்யும் எண்ணம் இருந்தால் ஐ-140 போடுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். விசா விண்ணப்பமான டிஎஸ்-160 படிவம் உங்களுக்காக யாராவது குடியேற்ற மனு போட்டிருக்கிறார்களா என்று கேட்கும். "ஆம்" என்று எழுதிவிட்டு ஜே-1 ஸ்டாம்ப் கேட்பது வம்பை விலை கொடுத்து வாங்குவது. எச்-1பிக்கு இந்தச் சிக்கல் இல்லை, பல்கலைக்கழக எச்-1பிக்கு லாட்டரியும் இல்லை.

கட்டணம், படிவம். ஐ-140க்கு 715 டாலர், அதோடு அசைலம் புரோகிராம் ஃபீ. தனக்குத் தானே மனுப் போடுபவர்களுக்கு அது 300. இரண்டையும் தனித்தனியாகக் கட்ட வேண்டும், 1,015 என்று ஒன்றாகச் சேர்த்துக் கட்டினால் உறை திரும்பி வரலாம். படிவத்தில் லாப நோக்கமற்ற அமைப்பா என்ற கேள்விக்கு "இல்லை", ஊழியர்கள் 25 அல்லது அதற்குக் குறைவா என்ற கேள்விக்கு "ஆம்". பல்கலைக்கழகத்தில் வேலை செய்கிறோமே என்று முதல் கேள்விக்கு "ஆம்" போடுபவர்கள் இருக்கிறார்கள். மனுதாரர் நீங்கள், பல்கலைக்கழகம் அல்ல. 2025 அக்டோபர் கடைசியிலிருந்து காசோலை வாங்குவதில்லை, ஜி-1450 வழியாக கார்டு அல்லது ஜி-1650 வழியாக வங்கிக் கணக்கு. பெயரைத் தட்டச்சு செய்தால் கையெழுத்தாகாது, மையில் போட்டதுதான் கையெழுத்து. எல்லாப் பக்கமும் ஒரே பதிப்புத் தேதி கொண்டவையாக இருக்கட்டும். ஸ்டேப்லர் பின், பிளாஸ்டிக் உறை, ஸ்பைரல் எதுவும் வேண்டாம். உறை போய்ச் சேரும் இடத்தில் பிரித்து ஸ்கேன் செய்வார்கள்.

விரைந்து பதில் வாங்கும் பிரீமியம் பிராசசிங் 2,805 டாலராக இருந்தது, 2026 மார்ச் 1 முதல் 2,965. இபி-1ஏக்கு 15 வேலை நாளில் பதில். பதில் என்றால் ஒப்புதல் என்று அர்த்தமில்லை, கூடுதல் சான்று கேட்கும் ஆர்எஃப்இ கடிதமும் பதில்தான். ஜே-1 கடிகாரம் ஓடிக்கொண்டிருப்பதால் உங்களுக்கு அது செலவழிக்கத் தக்க பணம்.

ஆர்எஃப்இ வந்தால் அதிகபட்சம் 84 நாள், தபாலில் வந்தால் மூன்று நாள் கூடுதல். ஒரே ஒரு முறைதான் பதில் அனுப்பலாம். பாதியை இன்று அனுப்பிவிட்டு மீதியைப் பிறகு அனுப்பலாம் என்று நினைத்தால், முதல் பாதியை வைத்தே முடிவு எழுதிவிடுவார்கள். மனு போட்ட தேதிக்குப் பிறகு வெளியான கட்டுரையும் விருதும் பதிலில் செல்லாது, போட்ட நாளில் தகுதி இருந்திருக்க வேண்டும். அன்றைக்கே இருந்ததை இன்னும் நன்றாக நிரூபிக்கும் புதிய கடிதமும் ஆவணமும் செல்லும். மறுத்துவிட்டால் ஐ-290பி வழியாக மேல்முறையீடு உண்டு. ஆனால் சான்று பலவீனமாக இருந்ததுதான் காரணம் என்றால், அதைச் சரிசெய்து புதிதாக ஐ-140 போடுவதே பெரும்பாலும் உருப்படியான வழி. எத்தனை முறை போடலாம் என்று வரம்பில்லை. முன்பு போட்டீர்களா என்ற கேள்விக்கு மட்டும் உண்மையை எழுதுங்கள்.

கடைசியாக நம் ஊருக்கே உரிய இரண்டு தொல்லைகள். ஒன்று இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து குடும்பப் பெயராக நிற்கும். முதல் கட்டுரைகளில் "எஸ். செந்தில்" என்றும், பிஎச்டி காலத்தில் "செந்தில் எஸ்" என்றும், இப்போது முழுப் பெயராகவும் வந்திருக்கும். எல்லாம் ஒரே ஆள்தான் என்று அதிகாரிக்குத் தெரியாது. ஆய்வாளர்களுக்கான அடையாள எண்ணான ஆர்க்கிட் எண்ணில் எல்லாக் கட்டுரைகளையும் சேர்த்து, பெயர் வேறுபாடுகளைப் பட்டியலிட்டு நீங்கள் கையெழுத்திட்ட ஒரு பக்க உறுதிமொழியை ஆவணத்தின் முதலிலேயே வையுங்கள்.

இரண்டு, பிறப்புச் சான்று. பழைய சான்றுகளில் குழந்தையின் பெயர்க் கட்டம் காலியாக இருப்பது தமிழ்நாட்டில் சாதாரணம். மாநகராட்சியிலோ பேரூராட்சியிலோ பெயரைச் சேர்த்துப் புதுப் பிரதி வாங்க வேண்டும், உங்கள் அப்பாவால் ஊரிலிருந்தே செய்ய முடியும். மனைவியின் சான்று தமிழில் இருக்கும், அதற்கும் கையெழுத்திட்ட மொழிபெயர்ப்பு தேவை. போரில் இடம்பெயர்ந்த குடும்பம் என்றால் மூலப் பதிவே கிடைக்காமல் போகலாம். அப்போது பதிவு இல்லை என்று பதிவாளர் தரும் சான்றும், பிறப்பை நேரில் அறிந்த இருவரின் உறுதிமொழியும், பள்ளி அல்லது ஞானஸ்நானப் பதிவும் வேண்டியிருக்கும். உங்கள் மனு முழுதும் இலங்கை வரிசையை நம்பி இருப்பதால், ஐ-140க்கு முதல் கடிதம் கேட்பதற்கு முன்னாலேயே அந்தப் பிறப்புச் சான்றுக்கு இன்று எழுதிப் போடுங்கள்.